மிளகுக்கு நகம் எடுக்க நாள் குறித்த கதை

1

என் வீட்டுக்காரரின் இடது காலில் ஒரு விரலை எடுத்து இந்த மார்ச் மாதத்தோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. கல்யாண நாள் மாதிரி கேக் வெட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. காலண்டரில் அந்தத் தேதி வந்தபோது காப்பி ஆற்றிக்கொண்டே நினைத்துக்கொண்டேன். அவர் நினைத்தாரா என்று கேட்கவில்லை. நாங்கள் இருக்கிற ஓஹையோ ஊரில் மார்ச்சிலும் பனி கொட்டும், அன்றும் கொட்டிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் அந்நேரம் தார் ரோடு இளக ஆரம்பித்திருக்கும்.

சனிக்கிழமை அது. நான் பில் போடுகிற கடையில் எனக்கு லீவு. மத்தியானம் துவைத்த துணியை அள்ளிக்கொண்டு வரும்போது ஹால் கார்ப்பெட்டில் சிவப்பாகச் சில பொட்டுகள் கிடந்தன. எங்கள் வீட்டில் சிவப்பு என்றால் ஊறுகாய்தான். தட்டோடு டி.வி. முன்னால் போய் உட்காருகிறவள் மகள் மீனா. அவளைத் திட்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தேன். ஆனால் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக சோபா வரைக்கும் போயிருந்தன. போய் நின்ற இடத்தில் என் வீட்டுக்காரரின் வலது கால் இருந்தது.

“உங்க கால்ல ரத்தம் வருது.”

“எங்கன?”

குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். கணுக்காலுக்குக் கீழே மூன்று கோடுகள், ஒன்று நல்ல ஆழம். “இது எப்பம்?” என்று என்னையே கேட்டார். சோபாவுக்கு அடியில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

அது எங்கள் வீட்டுப் பூனை. பிராணிகள் காப்பகத்திலிருந்து மீனா எடுத்துவந்தது. கன்னங்கரேல் என்று இருப்பதால் அவள் பெப்பர் என்று பெயர் வைத்தாள். இவர் அதை மிளகு ஆக்கிவிட்டார். இரண்டு பெயருக்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்ச காலமாகக் காலைக் கண்டால் பாய்கிற குணம் வந்திருந்தது. என் காலில் பாயும், மீனாவின் காலில் பாயும். நாங்கள் கத்துவோம், ஓடிவிடும். இவர் கத்த மாட்டார். சர்க்கரை வியாதியில் இவருக்குக் கணுக்காலுக்குக் கீழே மரத்துப்போய் நாலைந்து வருடம் ஆகிறது. சூடு தெரியாது, குளிர் தெரியாது, முள் தெரியாது.

2

விரல் போனதும் அப்படித்தான். சுவரில் படம் மாட்டுகிற குண்டூசி ஒன்று கீழே கிடந்திருக்கிறது. வெறுங்காலோடு ஏறி நின்றிருக்கிறார். ராத்திரி படுக்கும்வரை அந்த ஊசியோடேயே வீட்டுக்குள் நடந்திருக்கிறார். சில நாள் கழித்து நான் பார்த்தபோது விரல் கறுத்துவிட்டது. அப்போதே கால் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இனிமேல் கட்டிலை விட்டு இறங்கினால் ஷூவில்தான் இறங்க வேண்டும், வீட்டுக்குள்ளேயும். அதற்கென்று மெத்தென்ற தோலில் ஒரு ஜோடி ஷூவும் வாங்க வைத்தார்.

“வீட்டுக்குள்ள செருப்பு போட்டு நடக்கதா? சாமி இருக்க வீடு” என்று வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார். நானும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஷூ பெட்டியோடு அலமாரிக்குள் போயிற்று. இங்கே பக்கத்து வீட்டார் சேற்று பூட்ஸோடு படுக்கையறை வரைக்கும் போவார்கள். நாமோ காலை வெட்டிக் கொடுத்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவோம்.

பூனை கீறியதும் மறுபடி அதே ஆஸ்பத்திரி. கவுன்டர் பெண் ஒவ்வொரு தடவையும் பிறந்த தேதி கேட்பாள், பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்வாள். நம் ஊர் இனிஷியல் இங்கே குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே என் மாமனார் பெயரைச் சொல்லித்தான் இவரைக் கூப்பிடுவார்கள். “மிஸ்டர் முத்தாய்யா!” என்று நர்ஸ் தன் வாயில் வந்தபடி கூவும்போது இவர் எழுந்து போவார். இடைசெவலில் ஆடு மேய்த்துக் காலமான என் மாமனார், செருப்பே அறியாதவர், ஓஹையோவில் கால் வைத்தியத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்.

டாக்டர் முதலில் ஒரு சோதனை வைப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடுவார். தொட்டது தெரிந்தால் ‘எஸ்’ சொல்ல வேண்டும். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பையன் மாதிரி, குத்துமதிப்பாக ‘எஸ்’ சொல்வார். டாக்டரின் கை அப்போது சும்மா இருக்கும். நான் சுவரில் இருக்கும் எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்குக் கீறலைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். பூனையா? நகத்தை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பூனையைக் கொடுத்துவிடுங்கள், இந்தக் காலிலும் என்னைக் கத்தி வைக்கும்படி செய்யாதீர்கள் என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த நோயாளியின் ஃபைலைக் கையில் எடுத்துவிட்டார்.

3

நகத்தை எடுப்பது என்றதும் நான் நகம் வெட்டுவது என்றுதான் நினைத்தேன். நம் பக்கத்தில் முட்டுகிற காளைக்குக் கொம்பின் நுனியைச் சீவிவிடுவார்கள், அல்லது பித்தளைக் குப்பி மாட்டிவிடுவார்கள். வேலி தாண்டுகிற மாட்டுக்குக் கழுத்தில் கட்டை தொங்கும். அந்த ரகம் என்று நினைத்துக்கொண்டுதான் பூனை டாக்டரிடம் போனேன்.

அது ஒரு நடுத்தர வயது அம்மாள். பொறுமையாகச் சொன்னார். பூனையின் நகம் எலும்பிலிருந்தே முளைக்கிறதாம். நகத்தை மட்டும் எடுத்தால் மறுபடி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு விரலிலும் கடைசிக் கணுவையே எடுத்துவிட வேண்டுமாம். தன் ஆள்காட்டி விரலை நீட்டி, மேல் கணுவில் மறு கை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “இங்கே” என்றார். முன்னங்கால் இரண்டிலும் எல்லா விரலுக்கும் அப்படி.

என் வீட்டுக்காரர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு தன் இடது ஷூவைப் பார்த்தார்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். எனக்கு இஷ்டமில்லை, ஆனால் வீட்டில் இப்படி ஒரு கால் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை என்றார் அந்த அம்மாள். இங்கே நிறைய வீடுகளில் சோபா கிழிகிறது என்பதற்கே செய்துவிடுகிறார்களாம். ஐரோப்பாவில் பல நாடுகளில் டாக்டர்கள் தொடவே மாட்டார்களாம். செய்த பிறகு சில பூனைகள் நன்றாகவே இருக்குமாம். சில கடிக்கப் பழகிக்கொள்ளுமாம். உங்கள் வீட்டில் அதோடு யார் விளையாடுகிறார்கள் என்றும் கேட்டார். கையாலும் காலாலும் விளையாட்டுக் காட்டினால் பூனை கையையும் காலையும்தான் பிடிக்குமாம். யாரும் விளையாடுவதில்லை என்றேன். இவரும் தலையாட்டினார்.

அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம்.

பக்கத்து வீட்டு டோரத்தி அம்மாள் என்னைத் தேற்றினார். தனியாக இருக்கிற கிழவி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறல் என்றாலும் ரத்தம் நிற்காது. அவருடைய வெள்ளைப் பூனைக்கு நகம் கிடையாது. அது ஜன்னல் திண்டில் உட்கார்ந்தபடி பனியைப் பார்க்கும். இறங்கும்போது மட்டும் முன்னங்காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வைக்கும். “இது இல்லாவிட்டால் நான் இந்த வீட்டில் யாரோடு பேசுவது?” என்றார் அவர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

4

என் அப்பா கோவில்பட்டியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம் செய்தார். மூட்டைக்கு மூட்டை எலி. அதனால் கடையில் எப்போதும் ஒரு பூனை இருக்கும். அதற்குப் பெயர் கிடையாது, தட்டு கிடையாது, டாக்டர் கிடையாது. யாராவது கை வைத்தால் பிறாண்டும். பிறாண்டினால் கை வைத்தவனுக்குத்தான் ஏச்சு விழும். நகம் இல்லாத பூனை எங்கள் கடைக்கு வந்திருந்தால் அப்பா ஒரு நாள்கூட வைத்திருக்க மாட்டார்.

நாம் பெரிய ஜீவகாருண்யம் படைத்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. மாட்டுக்கு மூக்கைத் துளைத்துக் கயிறு போடுகிறோம். காளைக்குக் காயடிக்கிறோம். என் புகுந்த வீட்டில் ஆட்டை வளர்த்து, பெயர் வைத்து, தீபாவளிக்கு அறுத்தும் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் ஒரு மிருகத்தை நம்மோடு வைத்துக்கொள்வதற்காகவே அதன் விரலை எடுப்பது என்ற யோசனை எங்கள் யாருக்கும் வந்ததில்லை. எது மேல், எது கீழ் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அப்போது கருணை, கோபம் எதுவும் பெரிதாக எழவில்லை என்பதுதான் நிஜம். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால்கூட அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் போனைக் காதில் வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கால்தான் மரக்க வேண்டும் என்று இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் கார்டு வாங்கி இடைசெவலுக்குப் பேசுவோம். இவருடைய அண்ணன், எனக்கு அத்தான், இன்னமும் அங்கே ஆடு வைத்திருக்கிறார். கொஞ்சம் உளுந்தும் போடுகிறார். மழை இல்லை என்று முதலில் சொல்வார். பிறகுதான் மற்றதெல்லாம். அன்றைக்கு நான் பூனை விஷயத்தைச் சொன்னேன். இவருடைய காலில் விரல் போனதை ஊரில் சொல்லவில்லை. அதனால் சும்மா பிறாண்டுகிறது என்று மட்டும் சொன்னேன்.

“ஏ தாயி, பூனைக்கு நகத்த எடுக்க ஆஸ்பத்திரியா? கேக்கவே சிரிப்பாணியா இருக்கு. சாக்குல போட்டுக் கட்டி எட்டயபுரம் ரோட்டுல கொண்டு விட்டுட்டு வரச் சொல்லு அவன. நாங்க அப்படித்தான விடுதோம்.”

“திரும்பி வந்துருமே அத்தான்.”

“வந்தா வரட்டும். அம்புட்டுத் தூரம் நடந்து வந்தத என்னத்தப் பண்ண? பெறவு அது நம்ம வீட்டுப் பூனை. பிறாண்டுனா பிறாண்டிட்டுப் போகுது.”

எனக்கே சிரிப்பு வந்தது. “தம்பி நல்லாருக்கானா? காலு கையெல்லாம் எப்படி?” என்றார். நல்லாத்தான் இருக்கு அத்தான் என்றேன். கார்டில் ஒரு நிமிடம் பாக்கி இருப்பதாக ஒரு பெண் குரல் குறுக்கே வந்து சொல்லிற்று.

6

மீனாவிடம் நான்தான் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. தொண்ணூற்று மூன்றில் நாங்கள் வரும்போது நடை பழகாத கைக்குழந்தையாக இருந்தவள். என்னோடு இங்கிலீஷில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். ஏனென்றால் அவள் தமிழில் கேட்டதெல்லாம் ஏச்சுத்தான்.

முதலில் அழுதாள். பிறகு கம்ப்யூட்டரில் தேடிப் படித்துவிட்டு வந்து, அது நகம் இல்லை, விரல், உனக்குத் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன். அப்பாவுக்கு எடுத்ததே, அதே மாதிரி என்றாள். தெரியும் என்றேன். அப்படியென்றால் எப்படி உன்னால் சோறு வடிக்க முடிகிறது என்று கேட்டாள். நான் வடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பிடும்போது நேராக அப்பாவிடமே போனாள்.

“அப்பா, நீ ஷூ போட்டா போதும். பெப்பருக்கு எதுவும் பண்ண வேண்டாம். டாக்டர் சொன்னார்ல. நீ ஷூ போடு.”

அவள் தமிழில் ‘நீங்க’ கிடையாது. திருத்தித் திருத்தி விட்டுவிட்டோம். ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இத்தனை பேர், இரண்டு டாக்டர்கள் உட்பட, பூனையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அலமாரியில் ஒரு ஜோடி ஷூ கிடந்தது எனக்குத் தோன்றவேயில்லை. டாக்டரும் தான் வாங்க வைத்த ஷூ வீட்டுக்குள் இவர் காலில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

“வீட்டுக்குள்ள போட மாட்டேன்ட்டி” என்றார் இவர்.

“ஏன்?”

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தார். அவள் எழுந்து போனபின் என்னிடம் மெல்லச் சொன்னார்: “எங்க ஐயா வெதைக்கதுக்கு முன்னால காட்டுல காலைத்தான் வச்சுப் பாப்பாரு. ஈரம் எம்புட்டு இறங்கிருக்குன்னு காலே சொல்லிரும். எனக்கும் பாக்கச் சொல்லிக் குடுத்தாரு. அதப் போயிப் பொட்டிக்குள்ள போட்டு மூடச் சொல்லுதா.”

கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு செருப்போடு நடக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நாலு எட்டில் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். அதெல்லாம் சரி. இங்கே இருப்பது கார்ப்பெட். அதில் விதைப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன்.

7

வியாழக்கிழமை காலை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பூனைக்குத் தீனி போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அது தட்டின் முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. மீனா அதன் தலையில் முகத்தை வைத்துவிட்டு, என்னிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொள்ளாமல் பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். நான் பூனையைக் கொண்டுபோகிற கூண்டை எடுக்க கராஜுக்குப் போய்விட்டு ஹாலுக்குத் திரும்பினேன்.

இவர் தரையில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேன்ட்டை மடித்துவிட்டிருந்தார். வலது காலை நீட்டி, அந்த விரல்களை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார். கண்கள் இறுக்கி மூடியிருந்தன. நான் அந்த முகத்தை எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டரிடம் இழைச் சோதனைக்கு உட்காரும்போது இருக்கிற அதே முகம்.

சோபாவுக்குப் பின்னாலிருந்து மிளகு வந்தது. பதுங்கியது. பாய்ந்து காலைக் கட்டிப் பிடித்து ஒரு பிறாண்டு பிறாண்டியது. இவர் அசையவில்லை. கண்ணை மூடியபடியே காத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தார். பூனை ஏற்கெனவே காலைப் பிடித்திருந்தது.

“தெரியலலே” என்றார் பூனையிடம்.

நான் கூண்டைக் கீழே வைத்தேன். அந்தச் சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

“எம்புட்டு நாளா இப்படி?”

“வெரல எடுத்ததுல இருந்து.”

“எதுக்குங்க?”

“ஊசிய வச்சு நானே குத்திப் பாத்தா, எங்க குத்துதேன்னு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சுபோகும்லா. இதுன்னா அதா வரும். எப்ப வரும்னு தெரியாது. கண்ண மூடிக்கிட்டு இருந்தா, வந்தது உறைக்குதான்னு பாக்கலாம்.” கீறலை விரலால் துடைத்தார். “தீபாவளி சமயம் ஒருமட்டம் சுருக்குன்னுச்சு. நெசமாத்தான். அதுக்குப் பெறவு இல்ல. அது மேல தப்பு இல்லளா. நாந்தான் காலக் குடுக்கேன்.”

முதலில் எனக்கு வந்தது கோபம். நல்ல கோபம். இத்தனை நாள் மருந்து போட்டுக் கட்டியது, மீனாவை அழ வைத்தது, ஒரு வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டது, எல்லாம் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்தேன். ஏச்சு வரவில்லை, அழுகை வந்தது. விரலை எடுத்த அன்றைக்கு வராத அழுகை. ஆஸ்பத்திரியில் ஒரு தடவைகூட வரவில்லை. கார்ப்பெட்டில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். அது சில்லென்று இருந்தது. நான் பிடித்திருப்பதும் அதற்குத் தெரியாது.

“என்னத்துக்கு அழுத?” என்றார். பிறகு, நான் பிடித்திருந்த இடத்தைக் கண்ணால் பார்த்து, அங்கே தன் கையை வைத்துக்கொண்டார்.

பூனை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். வேறு நாள் வேண்டுமா என்று கேட்டாள் அங்கிருந்த பெண். வேண்டாம் என்றேன். பூனைக்குக் குணம் சரியாகிவிட்டதா என்றாள். பூனைக்கு ஒன்றும் இல்லை என்றேன். தீனியைத் தட்டில் கொட்டினேன். மிளகு எங்கள் இருவரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டது.

அப்புறம் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவந்தேன். புது ஷூ, தெரு மண்ணே காணாதது. கால் இரண்டையும் துடைத்து, மருந்து போட்டு, சாக்ஸ் மாட்டி, ஷூவை மாட்டினேன்.

“சாமி இருக்க வீடு” என்றார், பழையபடி.

“சாமிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

நான் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை காலை இழுக்காமல் இருந்தார்.

8

இப்போது ஏப்ரல் முடியப் போகிறது. இங்கே பனி நின்று புல் தலைகாட்டுகிறது. இவர் வீட்டுக்குள் ஷூவோடுதான் நடக்கிறார். முதலில் சாமி படம் இருக்கிற அடுப்பங்கரைக்கு வரும்போது மட்டும் அதன் வாசலிலேயே நின்றுகொள்வார். நான்தான் உள்ளே கூப்பிடுவேன். மீனா காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை ஒருமுறை இறுக்கிக் கட்டிவிட்டுப் போகிறாள். கால் டாக்டரிடம் போனோம். கீறல் ஆறிவிட்டது என்றார். இழைச் சோதனையில் எதுவும் மாறவில்லை.

நேற்று சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஊர்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் கோடை மழை என்று போட்டிருந்தது. அண்ணனுக்கு இந்நேரம் போன் போடலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்றேன். மேஜைக்கு அடியிலிருந்து சரக், சரக் என்று ஒரு சத்தம் வந்தது. ஷூத் தோலில் நகம் இழுபடுகிற சத்தம்.

இவர் குனியவில்லை. கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்கவும் இல்லை.

“ஏளா, மிளகு வந்துட்டு” என்றார்.